டேப் விசையிலிருந்து தொடங்குங்கள்

வலைதளம் கட்டக் கற்றுக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

உங்களில் சிலர் கல்லூரி இறுதியாண்டில் இருப்பீர்கள். சிலர் மாலை நேரப் பயிற்சி மையத்தில் ஃபிரண்ட் எண்ட் படிப்பீர்கள். சிலர் யூடியூபைப் பார்த்து வீட்டிலேயே கற்றுக்கொள்வீர்கள். எந்த வழியில் வந்தாலும் எல்லோரும் முதலில் கட்டுவது அநேகமாக ஒன்றுதான்: ஒரு பதிவுப் படிவம். பெயர், மின்னஞ்சல், பிறந்த தேதி, மாவட்டம், புகைப்படம், கடைசியில் ‘சமர்ப்பி’ என்று ஒரு பட்டன். அந்தப் படிவத்தைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல்.

நான் பார்வை மாற்றுத்திறனாளி. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வலைதளங்களையும் செயலிகளையும் திரைவாசிப்பான் கொண்டு சோதிப்பது என் வேலை. அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகும் அந்தச் சோதனை ஓய்வதில்லை. மின்கட்டணம், ரயில் டிக்கெட், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வங்கி என எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டன. நீங்கள் இன்று பயிற்சிக்காக எழுதும் கோடு நாளைக்கு ஏதோ ஒரு தளமாக என்னிடம் வந்து சேரும். அதனால் உங்கள் படிப்பில் எனக்கும் அக்கறை உண்டு.

சென்ற கோடையில், எனக்குத் தம்பி முறையாகும் ஒரு மாணவரோடு உட்கார்ந்து அவருடைய முதுகலைச் சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்பினேன். அவருக்கும் பார்வை இல்லை. விண்ணப்பம் ஒரு கல்லூரியின் தளத்தில் இருந்தது. டேப் விசையை அழுத்தினார். ‘எடிட், பிளாங்க்’ என்றது என்விடிஏ திரைவாசிப்பான். இன்னொரு டேப், ‘எடிட், பிளாங்க்’. மூன்றாவது முறையும் அதுவே. திரையில் ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் ‘பெயர்’, ‘தந்தை பெயர்’, ‘ஆண்டு வருமானம்’ என்று எழுதித்தான் இருந்ததாம். ஆனால் அந்த எழுத்து இந்தப் பெட்டிக்கு உரியது என்று பிரவுசருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. பக்கத்தில் இருப்பதால் அதற்கு உரியது என்று கண் தானாகப் புரிந்துகொள்ளும். காதுக்குப் பக்கத்தில், தள்ளி என்பதெல்லாம் கிடையாது.

மாவட்டப் பட்டியல் டேப்பில் வரவே இல்லை. அழகாக இருக்கட்டும் என்று யாரோ அதை டிவ்களால் கட்டியிருந்தார்கள். டேப் அதைத் தாண்டிப் பிறந்த தேதிக்குப் போய்விட்டது. அம்புக்குறி விசையால் வரிவரியாக இறங்கி, எது எங்கே இருக்கிறது என்று ஊகித்து, எல்லாவற்றையும் நிரப்பி முடித்தோம். ‘சமர்ப்பி’யும் ஒரு டிவ்தான். தேடிப் பிடித்து அழுத்தினோம். ஒரு சத்தமும் இல்லை. விண்ணப்பம் போய்விட்டதா, பக்கம் உறைந்துவிட்டதா, பிழை ஏதாவது காட்டுகிறதா, எதுவும் தெரியவில்லை. கடைசியில் அவருடைய தங்கை வந்து பார்த்து, ‘ஒரு பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு இருக்குண்ணா’ என்றாள். அலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைந்திருந்தது.

அந்தப் பையனுக்குத் தட்டச்சு வேகமாக வரும். கணினியை என்னைவிட நன்றாகக் கையாளுவார். தன் மதிப்பெண்ணையும் குடும்ப வருமானத்தையும் சாதிச் சான்றிதழ் எண்ணையும் இன்னொருவர் பார்க்க உட்கார்ந்து நிரப்ப வேண்டிய தேவை அவருக்கு இல்லை. அந்தத் தேவையைப் படிவம் உண்டாக்கியது.

இதைச் சரிசெய்ய எவ்வளவு வேலை என்று பாருங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் ஐடி கொடுத்து, மேலே உள்ள எழுத்தை ‘லேபிள்’ டேக்கில் போட்டு, அதன் ‘ஃபார்’ பண்பில் அதே ஐடியை எழுத வேண்டும். மாவட்டத்துக்கு ‘செலக்ட்’. சமர்ப்பிக்க ‘பட்டன்’. பிழை என்றால் சிவப்புக் கோட்டோடு ‘அலைபேசி எண்ணில் பத்து இலக்கங்கள் வேண்டும்’ என்று எழுத்திலும் ஒரு வரி. அந்த வரியை ‘ஏரியா டிஸ்கிரைப்டுபை’ பண்பால் பெட்டியோடு இணைத்து, பிழையுள்ள முதல் பெட்டிக்கு ஃபோகஸை அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். டிவ்களால் அந்த மாவட்டப் பட்டியலைக் கட்டியவர் இதைவிடப் பல மடங்கு உழைத்திருப்பார். லேபிள் டேக் 1997-இல் எச்டிஎம்எல் 4.0-உடன் வந்தது. உங்களில் பெரும்பாலோர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள்.

நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வருவது இதுதான். வலைப்பக்கம் பிறக்கும்போது எல்லோருக்கும் எட்டுவதாகத்தான் பிறக்கிறது. நாம் அதன்மேல் ஏற்றி வைக்கிறவைதான் அதைக் கெடுக்கின்றன. 1991-இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ வெளியிட்ட முதல் வலைதளத்தை இன்றைய திரைவாசிப்பான் தடங்கலே இல்லாமல் வாசிக்கும். தலைப்பு, பத்தி, இணைப்பு, அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நீங்கள் முதல் வாரத்தில் எழுதும் வெறும் எச்டிஎம்எல் பக்கமும் அப்படித்தான். மூன்றாவது மாதத்தில் ஃபிரேம்வொர்க்கும் அனிமேஷனும் வந்த பிறகு பாருங்கள், முதல் வாரத்தில் இருந்த பல நல்ல பண்புகள் காணாமல் போயிருக்கும். ஆனால் பாடத்திட்டங்களில் அணுகல்தன்மை கடைசி அத்தியாயமாக, ‘நேரம் இருந்தால் பார்க்கலாம்’ என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கெடுத்துவிட்டுப் பிறகு ஒட்டுப்போடக் கற்றுத்தருகிறார்கள். முதலிலேயே கெடுக்காமல் இருக்கக் கற்றுக்கொள்வது எளிது.

இதைப் புரிந்துகொள்ள, திரைவாசிப்பான் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். அது திரையைப் பார்ப்பதில்லை. நீங்கள் எழுதிய எச்டிஎம்எல்லைப் படித்துப் பிரவுசர் டாம் மரத்தைக் கட்டுகிறதல்லவா, அதிலிருந்து இன்னொரு மரத்தையும் கட்டுகிறது. அக்சசிபிலிட்டி ட்ரீ என்பார்கள். அதில் ஒவ்வொரு உறுப்புக்கும் நான்கு செய்திகள் இருக்கும்: இதன் பெயர் என்ன, இது என்ன வகை, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, இதன் மதிப்பு என்ன. என்விடிஏவோ ஜாஸோ ஃபோனில் உள்ள டாக்பேக்கோ இயங்குதளத்தின் வழியாக அந்த மரத்தைத்தான் கேட்டு வாங்கிப் பேசுகின்றன. ‘பட்டன்’ என்று எழுதினால் வகை தானாக வந்துவிடும், டேப்பில் நிற்கும், என்டருக்கும் ஸ்பேஸுக்கும் வேலை செய்யும். டிவ்வுக்கு ‘ஆன்கிளிக்’ போட்டால் மவுசுக்கு மட்டும் வேலை செய்யும். மற்ற எல்லாவற்றையும் நீங்களே கையால் எழுத வேண்டும். குரோமின் டெவ்டூல்ஸில் ‘எலிமென்ட்ஸ்’ பக்கத்திலேயே இந்த மரத்தைத் திறந்து பார்க்கலாம். உங்கள் படிவத்தைத் திறந்து அதில் பெயர் இல்லாத பெட்டிகள் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

தலைப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டு உட்கார மாட்டேன். ‘எச்’ விசையைத் தட்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுவேன். ‘1’ தட்டினால் முதல்நிலைத் தலைப்பு, ‘2’ தட்டினால் இரண்டாம்நிலை. உங்கள் கண் பக்கத்தை மேய்கிற வேகத்தில் என் விரல் மேய்ந்துவிடும். நீங்கள் தலைப்பை எச்2 என்று எழுதாமல் டிவ்வில் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கி மட்டும் விட்டால், எனக்கு அது பொருளடக்கம் கிழிந்துபோன தடித்த புத்தகம். எழுத்து சிறிதாக வேண்டும் என்பதற்காக எச்4 போடுவதும் தவறு. அளவை சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளட்டும்.

பார்வை இல்லாதவர்களோடு மட்டும் இது நின்றுவிடுவதாக நினைக்காதீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். பெருமூளை வாதம் உள்ளவரால் மவுசைக் குறிபார்த்து நிறுத்த முடியாமல் போகலாம்; முதுகுத்தண்டில் அடிபட்டவர் வாயில் ஒரு குச்சியைக் கவ்வி விசைப்பலகையைத் தட்டலாம். அவர்களுக்குத் திரை நன்றாகத் தெரியும். ஃபோகஸ் இப்போது எங்கே நிற்கிறது என்றுதான் தெரிய வேண்டும். அதைக் காட்டுகிற நீலக் கோடு டிசைனுக்கு இடிக்கிறது என்று சிஎஸ்எஸ்ஸில் ‘அவுட்லைன் நன்’ என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியில் அவர்களுக்குக் கர்சரே இல்லாத கணினியைக் கொடுத்தாகிவிட்டது. கோடு பிடிக்கவில்லையா, உங்களுக்குப் பிடித்த நிறத்தில், பிடித்த தடிமனில் வேறொன்றைப் போடுங்கள். எடுக்க மட்டும் வேண்டாம்.

நிறத்துக்கு ஒரு கணக்கு உண்டு. டபிள்யூ3சி வெளியிடும் அணுகல்தன்மை வழிகாட்டி நெறிகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாட்டைக் கேட்கின்றன. பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். வெள்ளைப் பின்னணியில் ‘ஹேஷ் 999’ என்ற சாம்பல் நிறத்துக்கு 3-கூடத் தேறாது. ‘ஹேஷ் 777’ நூலிழையில் தோற்கும். ‘ஹேஷ் 767676’ தேறிவிடும். கடைசி இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் டிசைனர் கண்ணுக்கே தெரியாது. ஆனால் கண்புரை தொடங்கிய ஒரு பெரியவர் உச்சி வெயிலில் பேருந்து நிலையத்தில் நின்று மலிவான ஃபோனில் டிக்கெட் விவரம் பார்க்கும்போது, ‘ஹேஷ் 999’ போன்ற மங்கல் சாம்பல் அவருக்கு வெறும் வெள்ளைதான்.

வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதித்து முடிவுகளை வெளியிடுகிறது. 2019-இல் 97.8 சதவீதப் பக்கங்களில் பிழை இருந்தது. 2025-இல் 94.8 சதவீதம். இந்தப் பிழைகளில் மிகப் பெரும்பகுதி ஆறே வகைக்குள் அடங்கிவிடுகிறது: மங்கலான எழுத்து, விளக்கம் இல்லாத படம், லேபிள் இல்லாத பெட்டி, வெற்று இணைப்பு, வெற்று பட்டன், மொழி குறிப்பிடாத பக்கம். ஆறில் ஒன்றுகூடக் கடினமான நுட்பம் இல்லை. எல்லாம் முதல் மாதப் பாடம். எனக்கு ஆற்றாமையும் நம்பிக்கையும் இந்த ஒரே இடத்தில்தான் வருகின்றன.

மொழியைக் குறிப்பிடுவது தமிழில் எழுதும் நமக்கு மிக முக்கியம். பெரும்பாலான டெம்ப்ளேட்களில் எச்டிஎம்எல் டேக்கின் ‘லாங்’ பண்பு ‘ஈஎன்’ என்றே வரும். அதை அப்படியே விட்டு உள்ளே முழுக்கத் தமிழில் எழுதிவிடுகிறார்கள். திரைவாசிப்பான் பக்கத்தை ஆங்கிலம் என்று நம்பி ஆங்கிலக் குரலைக் கூப்பிடும். பல ஆங்கிலக் குரல்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தமிழ் வரும் இடத்தை எல்லாம் விழுங்கிவிட்டு நடுவில் இருக்கும் எண்களையும் ஆங்கிலச் சொற்களையும் மட்டும் உச்சரிக்கும். ஒரு கட்டுரை முழுவதிலும் எனக்கு ‘2024’, ‘15’, ‘ஏஐ’ மட்டும் கேட்கும். ‘டிஏ’ என்று இரண்டெழுத்தை மாற்றினால் தமிழ்க் குரல் வந்து படிக்கும். இலவசமாகக் கிடைக்கும் ஈஸ்பீக்கிலேயே தமிழ்க் குரல் இருக்கிறது. ஆங்கிலப் பக்கத்தின் நடுவில் ஒரு தமிழ்ப் பத்தி வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் ‘லாங்’ பண்பைப் போடலாம்.

இன்னொன்று நம் மொழிக்கே உரிய பழைய தலைவலி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய ஆவணத்தில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. பாமினியில் எழுதிய ‘தமிழ்’ என்ற சொல்லைத் திரைவாசிப்பானிடம் கொடுத்து எழுத்தெழுத்தாகக் கேட்டால் ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்று சொல்லும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்றும் அறிவிப்புகள் பழைய எழுத்துருவில் தட்டிய பிடிஎஃபாகவோ, அதை அச்சடித்து முத்திரை குத்தி ஸ்கேன் செய்த படமாகவோ வந்துகொண்டிருக்கின்றன. ஒரு வாடிக்கையாளருக்குத் தளம் கட்டும்போது இப்படிப்பட்ட கோப்பைக் கொடுத்து ‘இதை அப்படியே போட்டுடுங்க தம்பி’ என்பார்கள். போடாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றி, பக்கத்திலேயே எழுத்தாகப் போடுங்கள். தேடுபொறியும் அதைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லுங்கள், உடனே ஒப்புக்கொள்வார்கள்.

தட்டச்சு செய்வதுபோல் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழும் அனிமேஷன் உங்களுக்குப் பிடிக்கும், தெரியும். ஆங்கிலத்துக்காக எழுதிய பல நிரல்கள் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனி ஸ்பேனில் வெட்டிப் போடுகின்றன. தமிழில் ‘கொ’ என்பது கணினிக்கு ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு. வெட்டினால் கண்ணுக்கு ஒரு புள்ளிவட்டத்தைச் சுற்றிக் குறி தொங்கும். என் காதுக்குச் சொல் துண்டு துண்டாக உடைந்து வரும். ஒரே வரியில் எழுத்தும் அழகும் கெடுகின்றன. முழுச் சொல்லாக நகர்த்துங்கள். அசைவு கண்டால் தலைசுற்றல் வருகிறவர்களுக்காக ஃபோனிலும் கணினியிலும் அசைவைக் குறைக்கும் அமைப்பு இருக்கிறது. ‘ப்ரிஃபர்ஸ் ரெட்யூஸ்ட் மோஷன்’ என்ற மீடியா குவெரியால் அதைக் கேட்டறிந்து நிறுத்திவிடலாம்.

படங்களுக்கு எழுதும் ‘ஆல்ட்’ விளக்கத்தில் விதியைவிட விவேகம்தான் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் படம் ஒன்று. கட்டடக்கலைக் கட்டுரையில் அது வந்தால் விமானத்தின் அடுக்குகளும் அது மேலே குறுகிப் போகும் விதமும் விளக்கத்தில் இருக்க வேண்டும். தங்கும் விடுதித் தளத்தில் அதே படம் வந்தால் ‘அறைச் சன்னலிலிருந்து தெரியும் பெரிய கோயில் விமானம்’ என்றால் போதும். வெறும் அலங்காரப் படம் என்றால் ஆல்ட்டைக் காலியாக விடுங்கள். நான் அதைத் தாண்டிப் போய்விடுவேன். ஆனால் ஆல்ட் பண்பையே எழுதாமல் விட்டால், சில இடங்களில், முக்கியமாகப் படமே இணைப்பாக இருக்கும்போது, கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்க வேண்டிவரும். தமிழ்ப் பக்கத்துக்குத் தமிழில் எழுதுங்கள். ‘இமேஜ்’ என்றோ ‘போட்டோ’ என்றோ ஆரம்பிக்க வேண்டாம். அது படம் என்பதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும். காது கேளாதவர்களுக்கு வீடியோவில் துணை எழுத்து அதே போன்ற தேவை. கருவி தானாகப் போட்டுத் தருவதை ஒருமுறையாவது உட்கார்ந்து திருத்துங்கள்.

ரியாக்ட் படிக்கிறவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். சிங்கிள் பேஜ் அப்ளிகேஷனில் ஓர் இணைப்பை அழுத்தினால் முகவரி மாறுகிறது, உள்ளடக்கம் மாறுகிறது. ஆனால் பிரவுசரைப் பொறுத்தவரை புதுப் பக்கம் எதுவும் ஏறவில்லை. திரைவாசிப்பானும் வாயைத் திறக்காது. நான் அழுத்திய இணைப்பு அழிந்துபோனதால் ஃபோகஸ் எங்கோ போய் விழும். பக்கம் மாறும்போது டைட்டிலை மாற்றுங்கள். புதிய பக்கத்தின் எச்1-க்கு ‘டேப்இன்டெக்ஸ் மைனஸ் ஒன்று’ கொடுத்து ஃபோகஸை அங்கே கொண்டுபோங்கள். பாப்அப் வேண்டுமா, எச்டிஎம்எல்லிலேயே ‘டயலாக்’ இருக்கிறது. ‘ஷோமோடல்’ என்று அழைத்தால் பின்னால் இருக்கும் பக்கத்துக்கு ஃபோகஸ் நழுவாமல் பார்த்துக்கொள்ளும், எஸ்கேப்பில் மூடும், மூடியதும் பழைய இடத்துக்குத் திரும்பும். இவ்வளவையும் கையால் எழுதிப் பிழையில்லாமல் முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ‘கூடையில் சேர்ந்தது’ என்று மூலையில் தோன்றி மறையும் சிறு செய்திக்கு ‘ஏரியா லைவ்’ பகுதி வேண்டும். அந்தப் பகுதி முதலிலேயே பக்கத்தில் காலியாக இருந்து, பிறகு செய்தி அதற்குள் விழ வேண்டும். செய்தியோடு சேர்த்துப் பகுதியையும் அப்போதுதான் உருவாக்கினால் பல நேரங்களில் எனக்கு ஒன்றும் கேட்காது.

ஏரியா என்றதும் ஓர் எச்சரிக்கை. அணுகல்தன்மை என்றாலே ஏரியா பண்புகளை அள்ளித் தெளிப்பது என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஏரியா, திரைவாசிப்பானுக்கு நீங்கள் கொடுக்கும் வாக்குறுதி மட்டும்தான். டிவ்வுக்கு ‘ரோல் பட்டன்’ என்று எழுதினால் பட்டன் என்று என்னிடம் சொல்லும்; விசையை அழுத்தினால் வேலை செய்ய வைப்பது உங்கள் பொறுப்பு. வாக்குறுதியைக் காப்பாற்றாவிட்டால் இல்லாததைவிட மோசம். ஏரியா பயன்படுத்திய பக்கங்களில் சராசரியாகப் பிழைகள் அதிகமாகவே இருப்பதை வெப்எய்ம் ஆய்வுகளும் காட்டுகின்றன.

ஓடிபிக்கு வருவோம். ஆறு இலக்கத்துக்கு ஆறு தனிப் பெட்டிகள், ஒட்டுவதற்குத் தடை, முப்பது வினாடிக் கெடு. இந்த மூன்றையும் ஒரே திரையில் வைத்துவிட்டால் குறுஞ்செய்திக்குப் போய் எண்ணைக் கேட்டு மனத்தில் வைத்துத் திரும்பி வரும் என்னைப் போன்றவர்களுக்கும், கை நடுங்கும் முதியவர்களுக்கும், எண்களை வரிசையாக நினைவில் வைக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் கதவு அடைபட்டுவிடும். ஒரே பெட்டி வையுங்கள், ‘ஆட்டோகம்ப்ளீட்’ பண்பில் ‘ஒன் டைம் கோட்’ என்று எழுதுங்கள், பல ஃபோன்கள் தாமே நிரப்பிவிடும். 2023 அக்டோபரில் வந்த டபிள்யூ3சியின் 2.2 பதிப்பு நெறிகள், உள்நுழைவதற்கு மனப்பாடத்தையோ புதிரையோ கட்டாயமாக்கக் கூடாது என்கின்றன. விரல் படும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்பதும் அதில்தான் சேர்ந்தது.

கருவிகளைப் பயன்படுத்துங்கள், ஆனால் அவற்றிடம் சரணடையாதீர்கள். ஆக்ஸ், வேவ், லைட்ஹவுஸ் மூன்றும் நல்லவை. லேபிள் இருக்கிறதா என்று அவை பார்க்கும். லேபிளில் எழுதியிருப்பது பொருத்தமா என்று அவற்றால் பார்க்க முடியாது. மேனுவல் மடுசோவிச் என்ற ஆஸ்திரிய டெவலப்பர் 2019-இல், யாராலும் பயன்படுத்த முடியாத ஒரு பக்கத்தை வேண்டுமென்றே கட்டி, அதற்கு லைட்ஹவுஸில் நூற்றுக்கு நூறு வாங்கிக் காட்டினார். ஒரு வரி ஸ்கிரிப்ட் சேர்த்தால் உங்கள் தளம் முழுவதும் அணுகத்தக்கதாகிவிடும் என்று விற்கப்படும் ஓவர்லே சரக்குகளை வாங்க வேண்டாம் என்று உங்கள் முதலாளியிடமும் சொல்லுங்கள். அப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் பத்து லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025-இல் உத்தரவிட்டது.

சட்டமும் இப்போது உங்கள் பக்கம் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மை நெறிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது அந்தச் சட்டத்துக்கே முரண் என்று கூறி, கட்டாய விதிகளை வகுக்க உத்தரவிட்டது. அதற்குப் பிறகு வந்தது பிரக்யா பிரசூன் வழக்கின் தீர்ப்பு. அமில வீச்சுக்கு ஆளான அவர் வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது, உயிருள்ள மனிதர்தான் என்று நிரூபிக்கக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். அவரால் சிமிட்ட முடியாது. பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் தொடுத்த மனுவும் அதோடு சேர்ந்து விசாரிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும், நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற ஆர். மகாதேவனும், எண்மச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து இருபது உத்தரவுகளைப் பிறப்பித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் அணுகல்தன்மைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்காக வேலை செய்யும் நிறுவனங்கள் இதற்கு ஆள் தேடுகின்றன. வேலைக்காக இதைக் கற்றாலும் எனக்குச் சந்தோஷம்தான். பட்டன் பட்டனாக இருந்தால் போதும்.

எப்படிக் கற்பது என்று கேட்பீர்கள். முதலில் மவுசைக் கழற்றி வைத்துவிட்டு, உங்கள் படிவத்தை டேப், ஷிஃப்ட் டேப், என்டர், ஸ்பேஸ், அம்புக்குறி இவற்றால் மட்டும் நிரப்பிப் பாருங்கள். பாதிப் பிழைகள் அங்கேயே அகப்பட்டுவிடும். பிறகு என்விடிஏவை இறக்கிக்கொள்ளுங்கள். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-இல், விலை கொடுக்க முடியாதவர்களுக்கும் திரைவாசிப்பான் கிடைக்க வேண்டும் என்று தொடங்கி, ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்ற இளைஞரோடு சேர்ந்து வளர்த்தது. இன்றும் இலவசம், அதன் இடைமுகம் தமிழிலும் உண்டு. கணினி இல்லையென்றால் ஆண்ட்ராய்டு ஃபோனில் டாக்பேக்கும் ஐஃபோனில் வாய்ஸ்ஓவரும் ஏற்கெனவே இருக்கின்றன. எப்படி அணைப்பது என்று படித்துக்கொண்டு இயக்குங்கள். தொடக்கத்தில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

கண்ணைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் கணினி முன் உட்காரும் பயிற்சிகளைச் சில கல்லூரிகளில் நடத்துகிறார்கள். நல்லெண்ணத்தில்தான் நடத்துகிறார்கள், ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் இருட்டைக் கண்ட பயம் மட்டுமே கிடைக்கும். நாங்கள் அந்தப் பயத்தோடு கணினியில் உட்காருவதில்லை. என் திரைவாசிப்பான் பேசும் வேகத்தில் என் மனைவிக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. எனக்கு அது வழக்கமான பேச்சு. டி.வி. ராமன் பதினான்கு வயதில் பார்வையை இழந்தவர். மும்பை ஐஐடியிலும் கார்னெலிலும் படித்தார், கணக்குச் சமன்பாடுகளைப் பேச்சாக்கும் மென்பொருளை முனைவர் பட்டத்துக்காக எழுதினார், தனக்கென்று எமாக்ஸ்பீக்கை உருவாக்கினார், பிறகு கூகுளில் பொறியாளரானார். எங்களுக்குத் திறமை இருக்கிறது. தடையை மட்டும் வைக்காதீர்கள். உங்கள் ஊரில் பார்வையற்ற, காது கேளாத, கை இயங்காத ஒருவரைக் கண்டுபிடித்து, உங்கள் தளத்தை அவர் பயன்படுத்தும்போது பக்கத்தில் வாய் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். அதற்குரிய கூலியையும் கொடுங்கள். அது அவருடைய நேரம், அவருடைய நிபுணத்துவம்.

ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். செய்முறைத் தேர்வில் படிவம் கட்டச் சொல்லும்போது, அது விசைப்பலகையால் இயங்குகிறதா என்பதற்கும் மதிப்பெண் வையுங்கள். ஆய்வகக் கணினிகளில் என்விடிஏவை நிறுவுங்கள். உங்கள் வகுப்பில் இந்த ஆண்டு பார்வையற்ற மாணவர் இல்லாமல் இருக்கலாம். அடுத்த ஆண்டு சேர்க்கைக்கு விண்ணப்பிக்க ஒருவர் இப்போதே தயாராகிக்கொண்டிருப்பார்.

தம்பி, தங்கைகளே, வேலைக்கு நேர்காணலுக்குப் போகும்போது கடைசியில் ‘உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள். ‘உங்கள் தளத்தைத் திரைவாசிப்பானில் சோதிப்பது யார்?’ என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், அந்த வேலையை நான் செய்கிறேன் என்று சொல்லுங்கள். கூடவே எங்களில் ஒருவரையும் குழுவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தளங்களைக் காதால் படிக்கும் ஓர் அண்ணன்
சென்னை